ஏழாம் பாட்டில் ஒரு குரல்

மேடை என்றால் இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகள்,
பக்கம் பக்கமாக நிறுத்தி மேலே பலகை.
மாங்குளம் மைதானத்தில் மாசி மாதக் கிறவல் புழுதி
வெளிச்சத்தில் ஏறி ஏறி நின்றது.
முந்நூறு ரூபாய் ரிக்கெற்.
கையில் குத்தின சீல் வியர்வையில் கரைந்து
முழங்கை வரைக்கும் நீலம்.

'முதிரை' வந்து நின்றார்கள், நாலு பேர்.
மல்லாவிப் பெடியள் மூன்று,
பாஸ் கிற்றாரோடு ஒட்டுசுட்டான் அகல்விழி.
வணக்கம் சொல்லவில்லை.
நிலக்சன் மைக்கை ஊதிப் பார்த்தான்,
வயர் ஒன்றைக் காலால் தள்ளினான்,
பிறகு

முதல் அடி.

பெரிய ட்ரம்மில் ஒரே ஒரு அடி.
யானை வேலிக்கு அங்கால் மயில்கள் கத்தின.
கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் குந்திவிட்டார்கள்,
முழங்கால் தானாக மடிந்து,
கை காதுக்குப் போய்.
என் பக்கத்தில் குந்தினவனுக்கு என் வயதுதான் இருக்கும்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கோகுலரமணன் குச்சியை மேலே பிடித்தபடி
பார்த்துக்கொண்டே இருந்தான்.
குந்தினவர்கள் எழும்பி, மண் தட்டி முடியும்வரை
இரண்டாவது அடி விழவில்லை.
நான் சொல்ல வந்தது இதைத்தான்.
மற்றதெல்லாம் பாட்டு.

இப்போது 'வான் பாயுது' வந்திருக்கிறது.
விடிய ஐந்தே காலுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில்
ஆளுக்கொரு காதாக ஹெட்செற்றைப் பிரித்து
நானும் எழில்வேணியும் கேட்டோம்.
முறிகண்டியில் டிரைவர் தேங்காய் உடைக்க இறங்கின நேரம்
மூன்றாம் பாட்டு.
வேணிக்குப் பிடித்துவிட்டது.
'கழுவித் துடைச்ச மாதிரி' என்கிறாள்.
எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. புழுதி எங்கே?
கிற்றாருக்குப் பின்னால் வயலின் வேறு,
கலியாண வீட்டில் சொல்லாமல் சாப்பிட வந்த ஆள்மாதிரி.

அந்த முதல் அடியையும் குறைத்துவிட்டார்கள்.
கதவு தட்டுகிற அளவுதான் கேட்கிறது.
கொழும்பு ஸ்ரூடியோக்காரன் வேலை என்கிறான்
மூன்றாம் லைன் சுடரோன்.
இல்லை, கோகுலரமணனே குறைக்கச் சொல்லியிருப்பான், நான்.
தேத்தண்ணி ஆறும்வரை இந்தச் சண்டை.
சுடரோன் அன்றைக்கு வரவேயில்லை,
அவனுக்கு என்ன விளங்கும்?

ஆனால் பின்னேரம்,
நானூற்றுப் பத்தாவது காற்சட்டைப் பொக்கற் தைக்கையில்
ஐந்தாம் பாட்டு வாய்க்குள் வந்துவிட்டது:
'குளம் நிறைஞ்சா ஆரிட்டயும் கேக்காது.'
மெஷினும் அதே தாளத்தில் ஓடிற்று.
பிடிக்கவில்லை என்று சொன்ன அதே வாய்.

ஏழாம் பாட்டைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.
மைதானத்தில் யாரோ போனில் பிடித்தது,
அப்படியே வெட்டாமல்.
மூன்றாம் நிமிடத்தில் ஜெனரேற்றர் செத்துப்போகிறது.
கிற்றார் இல்லை, மைக் இல்லை, வெளிச்சம் இல்லை.
ட்ரம் மட்டும் தடுமாறி, மெலிந்து,
நிற்கப் பார்க்கிற நேரம்
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
'விடாத! அடி!'
பிறகு முழு மைதானமும் பாடுகிறது.

அது தன் குரல் என்று நிறூபன் சத்தியம் பண்ணுகிறான்.
சந்தையில் வெங்காயம் விற்கிற தவநேசனும்.
கிளிநொச்சியில் ஒருத்தன் அதைப்
போன் மணியாகவே வைத்திருக்கிறானாம்.
புழுதி குடித்த தொண்டை,
ஆணோ பெண்ணோ என்று பிரிக்க ஏலாது.

எனக்கு ஏலும்.

அன்றைக்கு ஓவர்டைம் என்று
அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.
நேற்று அவ சோறு போடுகிற நேரம்
என் போன் மேசையில் பாடிக்கொண்டிருந்தது.
ஏழாம் பாட்டு. மூன்றாம் நிமிடம்.
அகப்பை நின்றது.
'ஆரடி இது, தொண்டை கிழியக் கத்துறது?'
'ஆரோ, தெரியேல்ல.'
இன்னொரு அகப்பை வைத்தா.
குழம்பும் விட்டா.
'திருப்பிப் போடு' என்றா.